முப்பரிமாண ஸ்கேன் படங்களை வைத்து மூளை அறுவைக்குத் திட்டமிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கணினித் திரையில் மூளை சுழல்வதைப் பார்த்ததும் யாருக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிடும். சிவப்பில் கட்டி, நீலத்தில் சிரைகள், பச்சையில் நரம்புப் பாதைகள். ஆனால் எம்.ஆர்.ஐ. எந்திரம் இந்த நிறங்களில் ஒன்றைக்கூடத் தரவில்லை. ஒவ்வொரு சிறு கனசதுரத்துக்கும், அதாவது ஒவ்வொரு வாக்ஸெலுக்கும், ஓர் எண்ணை மட்டுமே அது தந்தது. எந்த எண் கட்டி, எந்த எண் மூளை என்று கோடு கிழித்தது ஒரு மனிதர், அல்லது அவர் ஏவிய மென்பொருள். அந்தக் கோடு எங்கெங்கே தவறலாம் என்பதைத்தான் இங்கே ஒவ்வொரு படியிலும் சொல்லப்போகிறேன். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

நரம்பியல் அறுவைப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்கள், ரேடியோகிராபர்கள், பயோமெடிக்கல் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வீட்டில் ஒருவருக்கு அறுவை என்று தெரிந்து தேடிப் படிப்பவர்களுக்கு முதல் இரண்டு படிகள் நேரடியாகவே உதவும்.

மென்பொருளுக்கு த்ரீ-டி ஸ்லைசரை எடுத்துக்கொள்கிறேன். பாஸ்டனில் உள்ள பிரிகாம் மருத்துவமனையும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 1990களின் இறுதியில் தொடங்கியது; இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஸ்லைசர் ஆய்வுக்கும் கற்பதற்கும் உரியது, மருத்துவக் கருவியாக ஒப்புதல் பெற்றதல்ல. தியேட்டரில் கத்தி எடுக்கும்போது ஒப்புதல் பெற்ற நேவிகேஷன் கருவியின் (முனை தலைக்குள் எங்கே நிற்கிறது என்பதை ஸ்கேன் படத்தில் காட்டும் கருவி) மென்பொருளில்தான் திட்டம் இருக்க வேண்டும். ஆனால் அங்கே ஒரே பொத்தானுக்குள் ஒளிந்திருக்கும் வேலைகளை ஸ்லைசர் பிரித்துப் பிரித்துக் காட்டும். அதனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. நோயாளியின் படம் கையில் இல்லையென்றால், அதன் 'சாம்பிள் டேட்டா' பகுதியில் மூளைக் கட்டிப் படங்கள் இருக்கின்றன, அவற்றில் பழகலாம்.

ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். நாற்பது வயதுக்காரர், வலக்கைப் பழக்கம் உள்ளவர். வலக்கை விரல்களில் அவ்வப்போது இழுப்பு வருகிறது. ஸ்கேனில் இடது முன்மடலின் பின்பகுதியில், கையை அசைக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஏறக்குறைய 3 செ.மீ. அகலத்தில் ஒரு கிளையோமா, அதாவது மூளைத் திசுவிலேயே தோன்றும் கட்டி.

படி 1: கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்? நம் நோயாளிக்குக் கேள்விகள் நான்கு. தோலை எங்கே கீறுவது? எலும்பை எவ்வளவு திறப்பது? மூளைக்குள் எந்த மடிப்பு அல்லது பள்ளத்தின் வழியாகப் போவது? பின்பக்கம் எங்கே நிறுத்துவது? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் அவருடைய வலக்கை இருக்கிறது.

நடுக்கோட்டை ஒட்டிய மெனிஞ்சியோமாவாக (மூளை உறையில் வளரும் கட்டி) இருந்தால் கேள்வி மாறும். சாஜிட்டல் சைனஸ் என்ற பெரிய சிரை இன்னும் திறந்திருக்கிறதா, கட்டியால் அடைபட்டுவிட்டதா என்பதே அங்கே முதல் கேள்வி, சிரைகளைக் காட்டும் எம்.ஆர். வெனோகிராம் இல்லாமல் உட்காரவே கூடாது. அனியூரிசம், அதாவது தமனிச் சுவரில் புடைப்பு, என்றால் தமனிப் படம். கேள்வி தெரியாமல் எடுத்த ஸ்கேனில், தேவைப்பட்ட ஒன்று மட்டும் இருக்காது.

படி 2: சரியான ஸ்கேன்

பெரும்பாலான திட்டங்கள் கெட்டுப்போவது இங்கேதான். பெரிய உறையில் ஃபிலிம்களோடு நோயாளிகள் வருகிறார்கள். ஃபிலிமை லைட் பாக்ஸில் வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம். முப்பரிமாணத் திட்டம் போட முடியாது. குறுந்தகடு கொடுத்தாலும் அதில் 5 மி.மீ. தடிமனுள்ள ஸ்லைஸ்கள் (குறுக்குவெட்டுப் படங்கள்) மட்டும் இருப்பது வழக்கம். ஸ்கேன் சென்டரில் இப்படிக் கேளுங்கள்: "மெல்லிய ஸ்லைஸ் உள்ள முழு டைகாம் படங்களும் வேண்டும்." டைகாம் என்பது மருத்துவப் படங்களைச் சேமிக்கும் கோப்பு வகை. சில சென்டர்களில் மெல்லிய ஸ்லைஸ்களை நெடுநாள் சேமித்து வைக்க மாட்டார்கள். அதனால் அன்றைக்கே கேட்டு வாங்குவது நல்லது.

நம் நோயாளிக்கு வேண்டியவை: கான்ட்ராஸ்ட் (படத்தில் வெளுத்துத் தெரிவதற்கான மருந்து) ஊசிக்குப் பிறகு எடுத்த டி1 வகை முப்பரிமாண எம்.ஆர்.ஐ., மூன்று பக்கமும் 1 மி.மீ., இடைவெளி இல்லாமல். ஃபிளேர் என்ற இன்னொரு வகை முப்பரிமாண எம்.ஆர்.ஐ., ஏனென்றால் கிளையோமாவின் ஒரு பகுதி கான்ட்ராஸ்டை வாங்கவே வாங்காது, ஃபிளேரில்தான் தெரியும். நரம்புப் பாதைகளுக்கு, தண்ணீர் பரவும் திசையை அளக்கும் டிஃபியூஷன் டென்சர் படம், பி மதிப்பு (பரவலை எவ்வளவு நுட்பமாக உணர்வது என்ற அமைப்பு) 1000, குறைந்தது 30 திசைகள். எலும்பின் விவரம் வேண்டுமென்றால் 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய சி.டி. ஸ்கேன்; எடுக்கும்போது எந்திரத்தின் வளையத்தைச் சாய்க்கக் கூடாது. கண்ணுக்குக் கதிர் படாமல் இருக்கச் சாய்ப்பது சாதாரண சி.டி.யில் நல்ல பழக்கம். நேவிகேஷனில் அதுவே தொல்லை.

இனி, ரேடியோகிராபர்கள் மட்டுமே கவனிக்கக்கூடிய சில விஷயங்கள். உச்சந்தலைத் தோலிலிருந்து மேல் உதடு வரை, மூக்கு நுனி உட்பட, படத்துக்குள் வர வேண்டும். மூளை முழுதும் வந்துவிட்டது என்று மூக்கை வெட்டிவிட்டால், முகத்தை அடையாளமாக வைத்து நேவிகேஷனைப் பொருத்தும்போது திண்டாட்டம். இறுக்கமான ஹெட்போன், பக்கங்களில் திணிக்கும் மெத்தை இரண்டும் காதையும் கன்னத்தையும் அமுக்கிவிடும்; படத்தில் அமுங்கிய முகமே பதியும், தியேட்டரில் அந்த முகம் இருக்காது. அப்புறம், வலது நெற்றிப்பொட்டில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவிடுங்கள். எண்ணெய் நிறைந்த அந்த மாத்திரை டி1 படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். வலம் இடம் மாறிவிட்டதா என்ற சந்தேகமே பிறகு எழாது.

படி 3: ஏற்றுதல், பெயர் சரிபார்த்தல், பக்கம் சரிபார்த்தல்

டைகாம் கோப்புறையை ஸ்லைசர் மீது இழுத்துப் போட்டால் ஏறிவிடும். பெயர், அடையாள எண், ஸ்கேன் தேதி ஆகிய மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். ஒரே நோயாளிக்கு மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஸ்கேன் இருந்தால் பழையதை எடுத்துத் திட்டம் போடுவது எளிதில் நடக்கக்கூடிய தவறு.

படத்தைப் பார்க்கும் மரபு, நோயாளியின் கால்மாட்டில் நின்று பார்ப்பது போன்றது: அவருடைய வலப்பக்கம் திரையின் இடப்பக்கம் வரும். நேவிகேஷன் கருவிகள் சிலவற்றில் இதைப் புரட்டி, தலைமாட்டில் நிற்கும் அறுவை மருத்துவர் பார்க்கும் விதமாகவும் வைக்கலாம். டைகாமில் அச்சுகள் ஒரு விதமாகவும் ஸ்லைசருக்குள் வேறு விதமாகவும் குறிக்கப்படுவதால், கோப்பை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பக்கம் புரள வாய்ப்பு உண்டு. மாத்திரை எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பாருங்கள். இதில் மட்டும் சோம்பலுக்கு இடமே இல்லை.

படி 4: படங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்துதல்

டி1, ஃபிளேர், டிஃபியூஷன், சி.டி. எல்லாம் வெவ்வேறு நேரத்தில் எடுத்தவை. இடையில் தலை அசைந்திருக்கும். டி1 படத்தை அசையாத அடிப்படையாக வைத்து, மற்றவற்றை அதன் மேல் பொருத்த வேண்டும். மண்டை ஓடு வளையாது என்பதால் நகர்த்தலும் திருப்புதலும் மட்டும் போதும்; மூன்று திசை நகர்வு, மூன்று அச்சுச் சுழற்சி, ஆக ஆறு எண்கள். மென்பொருள் ஒரு நிமிடத்தில் முடித்துவிடும்.

முடித்ததைச் சரிபார்ப்பது உங்கள் வேலை. இரண்டு படங்களையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரையவிட்டு, மூளை அறைகளின் ஓரம், மூளைத்தண்டின் விளிம்பு, கட்டிக்குப் பக்கத்துப் பள்ளங்கள் ஆகியவை நகராமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். கண்விழியை வைத்து முடிவு செய்யாதீர்கள்; இரண்டு ஸ்கேனுக்கும் நடுவே நோயாளி பார்வையைத் திருப்பியிருப்பார். டிஃபியூஷன் படம் மட்டும் எப்போதும் முரண்டு பிடிக்கும். காற்று இருக்கும் இடங்களுக்குப் பக்கத்தில், அதாவது நெற்றி சைனஸுக்கு மேலும் காது எலும்பை ஒட்டியும், அது இழுபட்டு நெளிந்து வரும். எதிர்த்திசையில் ஒரு சிறு படத்தைக் கூடுதலாக எடுத்துக்கொண்டால் இந்த நெளிவை ஓரளவு திருத்தலாம்.

படி 5: எல்லை வரைதல்

'செக்மென்ட் எடிட்டர்' பகுதிக்கு வருவோம். தோலுக்கு த்ரெஷோல்டு போதும்: குறிப்பிட்ட எண்ணுக்கு மேலுள்ளதெல்லாம் தலை, கீழுள்ளது காற்று. சி.டி.யில் எலும்பும் அப்படித்தான். ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, எலும்பு சில நூறுக்கு மேல். (அந்த அலகுக்குப் பெயர் தந்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் எந்திரம் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது 1971 அக்டோபர் 1 அன்று. அதற்கு முன்பு மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, அந்த நிழலை வைத்து ஆழத்தைக் கணித்தார்கள். 1960களில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கல்யாணராமன் ஆகியோர் ஸ்டீரியோடாக்டிக் அறுவைகள், அதாவது மூளைக்குள் உள்ள இலக்கை அளவுகளால் குறித்துச் செய்யும் அறுவைகள், செய்தது சி.டி. வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில்தான்.)

எம்.ஆர்.ஐ.யில் எண்களுக்கு இப்படி நிலையான பொருள் கிடையாது. ஒரு எந்திரத்தில் 400 என்பது கட்டியாக இருக்கும்; அடுத்த எந்திரத்தில் அதே 400 கொழுப்பாக இருக்கும். ஆகவே கட்டிக்கு 'க்ரோ ஃப்ரம் சீட்ஸ்' வசதியைப் பயன்படுத்துங்கள். கட்டிக்குள் மூன்று திசைகளிலும் சில கோடுகள் தீட்டுங்கள். சுற்றியுள்ள மூளையில் வேறு நிறத்தில் தீட்டுங்கள். மென்பொருள் இரண்டையும் வளர்த்து எல்லையைக் கண்டுபிடிக்கும். ஒவ்வொரு ஸ்லைஸாகப் போய்த் தவறைத் திருத்துங்கள். கான்ட்ராஸ்ட் வாங்கிய பகுதியை ஒரு செக்மென்ட்டாகவும், ஃபிளேரில் வெளுத்த பகுதியை இன்னொன்றாகவும் வையுங்கள். ஒன்றாகக் கலந்துவிட்டால் வெட்ட வேண்டியது எது, வெறும் நீர்க்கோப்பு எது என்று பிறகு பேசவே முடியாது.

எல்லை ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 30 மி.மீ. விட்டமுள்ள உருண்டையின் கொள்ளளவு 14.1 மி.லி. சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் 17.2 மி.லி. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. 'கட்டி வளர்ந்திருக்கிறது' என்று எழுதும் அறிக்கைக்குப் பின்னால் சில சமயம் இருப்பது, வேறொருவர் வரைந்த கோடு.

வழவழப்பாக்கும் வசதியை அளவோடு பயன்படுத்துங்கள். அழகான கட்டி கிடைக்கும். ஆனால் மெல்லிய சிரை அந்த வழவழப்பில் காணாமல் போயிருக்கும். மூளையின் மேற்பரப்புச் சிரைகளைக் கான்ட்ராஸ்ட் டி1 படத்திலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். மூளையை மூடிய உறையைத் திறந்ததும் கண்ணுக்கு முதலில் தெரிவது அவைதான். திரையில் உள்ள சிரையின் வளைவும் நேரில் தெரியும் வளைவும் ஒத்துப்போனால், சரியான இடத்தில் இருக்கிறோம் என்று எந்தக் கருவியும் இல்லாமலே தெரிந்துவிடும்.

படி 6: கை எங்கே இருக்கிறது?

மூளையின் மேல்பகுதி ஸ்லைஸ்களில் மையப் பள்ளத்தைத் தேடுங்கள். அதற்கு முன்னாலுள்ள மடிப்பில், கையை அசைக்கும் இடம் ஒரு குமிழாகப் பின்னோக்கித் துருத்திக்கொண்டு, கிரேக்க ஒமேகா எழுத்தைத் தலைகீழாக வைத்த வடிவத்தில் தெரியும். முதலில் கட்டியில்லாத வலது பக்கத்தில் கண்டுபிடியுங்கள். பிறகு இடது பக்கம் வாருங்கள். கட்டி அந்தக் குமிழை நசுக்கியிருக்கலாம், பின்னால் தள்ளியிருக்கலாம்.

ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால், விரலைத் தட்டும்போது ஒளிரும் இடம் இதோடு பொருந்த வேண்டும். ஆனால் அது அளப்பது ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை. நரம்பணுவின் வேலையை நேரடியாக அல்ல. கட்டியின் ரத்தக்குழாய்கள் இயல்பாக விரியாதபோது, வேலை செய்யும் இடம்கூட ஒளிராமல் போகும். ஒளிரவில்லை, அதனால் வெட்டலாம் என்று யாராவது சொன்னால் தடுத்து நிறுத்துங்கள்.

நரம்புப் பாதைப் படத்திலும் இதே எச்சரிக்கை, இன்னும் அழுத்தமாக. கை கால்களுக்குக் கட்டளை இறங்கும் கார்டிகோஸ்பைனல் பாதையை வரைய, மூளைத்தண்டின் மேல்பகுதியில் ஒரு வட்டமும் மைய முன்மடிப்பில் ஒரு வட்டமும் போட்டு, இரண்டையும் தொடும் இழைகளை மட்டும் காட்டச் சொல்வோம். காலுக்கான இழைகள் அழகாக எழும்பி வரும். கைக்கும் முகத்துக்கும் போகும் இழைகள் பல நேரம் வரவே வராது. முன்பின்னாக ஓடும் வேறு இழைகளை அவை குறுக்கே கடக்கின்றன. வாக்ஸெலுக்கு ஒரே திசை என்று கணக்கிடும் சாதாரண டென்சர் முறை அந்தச் சந்திப்பில் தடுமாறிப் பாதையை விட்டுவிடுகிறது. நீர்க்கோப்புக்குள்ளும் இப்படித்தான். தண்ணீர் எல்லாத் திசையிலும் பரவுவதால் தண்ணீர் எவ்வளவு ஒரே திசையில் பரவுகிறது என்று காட்டும் எஃப்.ஏ. என்ற அளவு விழுந்து, நாம் வைத்த 0.2 எல்லைக்குக் கீழே போனதும் கோடு நின்றுவிடும். திரையில் பாதை முடிந்த இடத்தில் மூளையிலும் முடிந்துவிட்டதாக எண்ணுவதுதான் இந்தத் தொழில்நுட்பத்திலேயே மிக ஆபத்தான தவறு. எல்லையை 0.15க்கு இறக்கி ஒருமுறை பாருங்கள். பாதை எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்தாலே, அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கட்டி பேச்சுப் பகுதியை ஒட்டியிருந்தால் விழித்திருக்கும் நிலையில் அறுவை செய்வது பற்றி இப்போதே பேச வேண்டும். படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லும் சோதனையை எந்த மொழியில் வைப்பது என்பதும் திட்டத்தில் சேர்ந்ததே. வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுபவருக்கு இரண்டிலும் வைத்துப் பாருங்கள்.

படி 7: வழியைத் தேர்ந்தெடுத்தல்

இப்போதுதான் முப்பரிமாணம் உண்மையில் கைகொடுக்கிறது. மாதிரியைத் திருப்பி, தியேட்டரில் தலை எப்படி இருக்குமோ அதே கோணத்தில் நிறுத்துங்கள். முகம் வலது பக்கம் திரும்பி, இடது முன்பக்கம் மேலே. பாடப்புத்தகக் கோணத்தில் மூளையைப் பார்த்துத் திட்டம் போட்டுவிட்டு, தியேட்டரில் மனதுக்குள் திருப்பிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

தோலை மறைத்து எலும்பு, எலும்பை மறைத்து சிரைகள், சிரைகளை மறைத்து மடிப்புகள் என்று அடுக்கடுக்காக இறங்குங்கள். கட்டிக்கு மிகக் குறுகிய வழி எப்போதும் நல்ல வழி ஆகாது. நம் நோயாளிக்கு நேர் மேலிருந்து இறங்கினால் தூரம் குறைவு. ஆனால் ஒரு பெரிய சிரை குறுக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்து, கட்டியின் முன் விளிம்பு வழியாக நுழைந்து பின்னோக்கி வேலை செய்தால் சிரையும் தப்பும், கைப்பகுதியைக் கடைசியில்தான் தொடுவோம். ஸ்லைசரின் 'மார்க்கப்ஸ்' கோட்டால் நுழைவுப் புள்ளியிலிருந்து இலக்கு வரை கோடு போட்டு, அந்தக் கோட்டின் ஊடாகவே ஸ்லைஸ்களைப் பாருங்கள். ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் என்ன குறுக்கிடுகிறது என்று எழுதுங்கள்.

எலும்புத் திறப்பை வரையும்போது சி.டி.யில் நெற்றி சைனஸ் எவ்வளவு உயரம் வரை போகிறது என்று பாருங்கள். அதைத் திறந்துவிட்டால் கிருமித் தொற்றுக்கு வழி. நடுக்கோட்டுக்கு அருகே போனால், சாஜிட்டல் சைனஸ் சரியாக நடுவில் இருக்காது, பெரும்பாலும் சற்று வலப்பக்கம் சரிந்திருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

படி 8: தியேட்டரில் பொருத்துதல்

தலையை மூன்று முள் கவ்வியில் பூட்டிய பிறகே பொருத்தலை, அதாவது ஸ்கேன் படத்தை நேரிலுள்ள தலையோடு இணைப்பதை, தொடங்க வேண்டும். தலை எங்கே இருக்கிறது என்று கருவிக்குக் காட்டும் குறிப்புச் சட்டம் கவ்வியோடு பிணைந்திருக்கும். அகச்சிவப்புக் கேமரா அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பூட்டிய பின் தலை கவ்விக்குள் வழுக்கினால் எல்லாம் போச்சு.

முகத்திலும் தலையிலும் புள்ளிகளைத் தொட்டோ, தோலை வருடியோ பொருத்துகிறோம். கருவி முடிவில் ஒரு பிழை எண்ணைக் காட்டும். 1.2 மி.மீ. என்று வந்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். அந்த எண் சொல்வது, தொட்ட புள்ளிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டும். கட்டி இருக்கும் இடத்தில் பிழை எவ்வளவு என்பதை அது சொல்லவில்லை. எல்லாப் புள்ளிகளும் முகத்தில் இருந்து, கட்டி பின்தலையில் இருந்தால், முகத்தில் விழுந்த சிறு சாய்வு பின்னால் பல மில்லிமீட்டராக வளர்ந்திருக்கும். புள்ளிகளைக் கட்டியைச் சூழும்படி பரப்புங்கள். ஒரே வரிசையில் வைக்காதீர்கள். பிறகு மூக்கின் வேர், வெளிக் கண்முனை, காதின் முன்குருத்து ஆகியவற்றில் கருவியின் சுட்டுமுனையை வைத்து, திரையிலும் அங்கேயே நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எலும்பைத் திறந்ததும் ஓரத்தில் மூன்று சிறு குழிகள் போட்டு அவற்றைக் கருவியில் பதிவு செய்துகொள்ளுங்கள். முகம் துணிக்குள் மறைந்த பிறகு, கருவி நகர்ந்ததா என்று கேட்க அவைதான் சாட்சி.

படி 9: மூளை நகரும்போது

டூராவை, அதாவது மூளையை மூடிய தடித்த உறையை, திறந்து மூளைநீர் வடிந்ததும் மூளை அமிழத் தொடங்கும். மூளை வீக்கத்தைக் குறைக்கும் மேனிடால் மருந்து கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம். கட்டியைக் குடைந்தெடுக்க எடுக்கச் சுவர்கள் உள்ளே சரியும். இந்த நகர்வு ஒரு சென்டிமீட்டரையும் எட்டக்கூடும். நேற்றைய ஸ்கேனைக் காட்டும் நேவிகேஷனுக்கு இதெல்லாம் தெரியாது. அதே நம்பிக்கையோடு தவறான இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் திட்டத்திலேயே வரிசையை எழுதுங்கள். நேவிகேஷன் சரியாக இருக்கும் முதல் நேரத்தில் எல்லைகளை அடையாளமிட்டுவிட வேண்டும். டூரா திறந்ததும் கட்டியின் ஓரங்களில் மெல்லிய குழாய்களை வேலிக்கால்களாக நட்டுவிடுவது பழைய, நல்ல முறை. மூளையோடு அவையும் நகரும். மூளை அறையைத் திறக்க நேரிட்டால் கடைசியில் திறங்கள். நடுவில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பாருங்கள். வசதி உள்ள இடங்களில் தியேட்டருக்குள்ளேயே எம்.ஆர்.ஐ. உண்டு. கைப் பாதைக்கு அருகில் வந்ததும் மின்தூண்டல்தான் நீதிபதி. எத்தனை மில்லி ஆம்பியரில் கை துடிக்கிறதோ, பாதை ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பது உத்தேசக் கணக்கு. 5 மில்லி ஆம்பியரில் துடித்தால், திரையில் பச்சைக் கோடு எங்கே இருந்தாலும் சரி, வேகத்தைக் குறைத்து நிதானமாகப் போக வேண்டும்.

படி 10: அறுவைக்குப் பின்

48 மணி நேரத்துக்குள் மறு எம்.ஆர்.ஐ., டிஃபியூஷனோடு சேர்த்து. அதற்குப் பிறகு எடுத்தால், வெட்டிய ஓரத்தில் இயல்பாகவே கான்ட்ராஸ்ட் ஏறத் தொடங்கி, மிச்சக் கட்டி எது, ஆறும் புண் எது என்று பிரிக்க முடியாமல் போகும். டிஃபியூஷன் எதற்கு என்றால், ஓரத்தில் ரத்தம் போகாமல் கருகிய சிறு பகுதி இருந்தால் அது இப்போதே தெரியும். பல வாரம் கழித்து அதே இடம் கான்ட்ராஸ்ட் வாங்கி வெளுக்கும்போது, கட்டி திரும்பிவிட்டது என்று பயந்து மறு அறுவைக்குப் போகாமல் இருக்கலாம்.

இந்தப் புதிய படத்தையும் பழைய டி1 படத்தின் மேல் பொருத்தி, அன்று வரைந்த செக்மென்ட்டைத் திறந்து, என்ன மிச்சம் என்று அளவிடுங்கள். திட்டக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அடுத்தடுத்து வரும் ஸ்கேன்களையும் அதே சட்டத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டியிருக்கும். கோப்பின் பெயரில் தேதியோடு, எல்லையை வரைந்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.